எல்லாருக்கும் எழுபத்திரண்டு

இதை மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாடி, துடிப்பு என்று ஏதாவது தப்பாகச் சொன்னால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மகள் செல்வி பிளஸ் டூவில் உடற்கல்வியை ஒரு பாடமாகப் படிக்கிறாள். அன்று காலை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம். முந்தின நாள் அவளுக்குக் காய்ச்சல். போகாதே என்றேன்.

"காய்ச்சல் விட்டுப் போச்சும்மா. இதுல ஓடலேன்னா இந்த வருசம் அவ்வளவுதான்" என்றாள்.

மனசு கேட்கவில்லை. நானும் மைதானத்துக்குப் போனேன்.

ஓடுவதற்கு முன் எல்லோருக்கும் நாடி பார்ப்பது ரோஸ்லின் வேலை. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள். அவளுக்கு அதுதான் செய்முறைப் பயிற்சியாம். வரிசையாகக் கையைத் தொட்டுக்கொண்டே போனாள். செல்வி கையையும் தொட்டாள்.

"எழுபத்திரண்டு. நார்மல் ஆன்ட்டி. சும்மா பயப்படாதீங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளைகள் ஓட்டம் தொடங்குகிற கோட்டுக்குப் போனார்கள். ரோஸ்லின் பி.டி. டீச்சரிடம் வந்தாள். அருள்மேரி டீச்சர் அதிகம் பேச மாட்டார்.

"முடிஞ்சுது மிஸ். எல்லாருக்கும் எழுபத்திரண்டு."

"எல்லாருக்குமா?"

"புஸ்தகத்துலயே அதானே மிஸ் போட்டிருக்கு? ஒண்ணு கேக்கட்டா? எவ்வளவுன்னு தெரியும். பெறகு எதுக்கு ஆளாளுக்குக் கையைப் பிடிக்கணும்?"

டீச்சர் பந்துக் கூடைப் பக்கம் போனார். கழற்றி வைத்திருந்த விளையாட்டு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கையை நீட்டினார்.

"எனக்குப் பாரு."

ரோஸ்லின் மணிக்கட்டில் விரலை வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"எழுபத்திரண்டு மிஸ்."

"நல்லாத் துடிக்குதா?"

"சூப்பரா துடிக்குது மிஸ்!"

டீச்சர் கையை அகட்டினார். மேல்சட்டைக்குள்ளிருந்து ஒரு டென்னிஸ் பந்து விழுந்து என் காலடிக்கு உருண்டு வந்தது.

"இதைக் கக்கத்துல வச்சு இறுக்கியிருந்தேன். ரத்தம் கீழே வராது. மணிக்கட்டுல துடிப்பே கிடையாது. நீ எதை எண்ணினே?"

ரோஸ்லின் முகம் வெளுத்துவிட்டது. நான் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியானால் என் பிள்ளைக்குச் சொன்னது?

அங்கே கோட்டருகே ஒரு சார் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

நான் ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ போனது. வரிசைக்குள் புகுந்து செல்வியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அம்மா, விடு! மானம் போகுது!"

"போகட்டும்டீ."

டீச்சரும் ரோஸ்லினும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். செல்வியின் மற்றக் கையை ரோஸ்லின் பிடித்தாள். விரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"மிஸ்... எண்ணவே முடியல மிஸ். அவ்வளவு வேகமா அடிக்குது. கையும் கொதிக்குது."

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"இப்பதான் கையைப் பிடிச்சிருக்கே" என்றார் டீச்சர்.

விசில் அடித்தது. மற்ற பிள்ளைகள் ஓடினார்கள். செல்வி திமிறினாள், திட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் அந்தக் கையை விடவில்லை.