மூணு தலை, ஒரு வால்

ஒரு ஊர்ல ஒரு யானை செய்யக் கிளம்பினாங்க, நாலு பேரு. மரம் செதுக்குற சிற்றம்பலம், மண்ணுல பொம்மை பண்ற மாசிலாமணி, துணியில படம் வரையற எத்திராஜ், பனைநார் முறுக்குற சீனியம்மா. ராஜா பார்க்க வர்ற கண்காட்சிக்கு நாலு பேரும் சேர்ந்து ஒரே யானையா வைக்கணும்னு பேச்சு.

மரத்துல காலு, மண்ணுல வயிறு, துணியில முதுகும் காதும். தலையை யார் செய்யறதுன்னு மட்டும் மூணு நாள் சண்டை. கடைசியில, "தலையை நாங்க மூணு பேரும் ஒத்துமையா அப்புறம் செய்வோம்"னாங்க. வால்? அதை யாரும் கேக்கல. சீனியம்மாவுக்கு வந்துது.

அப்புறம் அவ எழுநூத்தி இருபது நார் எண்ணி எடுத்தா. ஊறவச்சு, சீவி, முறுக்கினா. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. ம் கொட்டு. ஆங்.

வாலைச் சேர்க்க அளவு வேணுமில்ல? அப்போ சிற்றம்பலம் வீட்டுக்குப் போனா. உள்ளே டொக் டொக்.

"அண்ணே, காலு என்ன உயரம்?"

அவர் சட்டுனு சாக்கைப் போட்டு மூடிட்டார். "வாலுக்கு எதுக்கு உயரம்? மாசிலாமணியைக் கேளு."

அங்கே சளக் புளக். "அண்ணே, வயிறு என்ன அகலம்?"

கதவு படார்! "காயுது, காயுது! எத்திராஜைக் கேளு."

எத்திராஜ் கதவையே திறக்கல. சன்னல் வழியா, "கலைஞன்கிட்ட அளவு கேக்காதே"ன்னார்.

அப்புறம் கண்காட்சி நாள். மண்டபத்துல மூணு பேரும் மூட்டையை அவிழ்த்தாங்க. காலும் காணோம், வயிறும் காணோம். ஒரு மரத்தலை. ஒரு மண்தலை. ஒரு துணித்தலை. ஒத்துமைன்னா அப்படி ஒரு ஒத்துமை!

சீனியம்மா மெதுவாக் கேட்டா: "என் வாலை எங்கே வைக்கட்டும்ணே? ஓரமா ஒரு ஆணி போதும்."

"எங்க தலைக்கே ஆணி பத்தல. கொண்டு போ, அதை வச்சு மாட்டைக் கட்டு"ன்னாங்க மூணு பேரும்.

அவ வாலைப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நின்னா. மூணு மாச வேலை. கண்ணு கலங்கிடுச்சு.

அப்போ டும் டும் டும்! ராஜா யானை மேல வந்தார். பின்னாலயே தன் அம்மா வாலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு யானைக்குட்டி. ராஜா இறங்கி உள்ளே போனார்.

"இது என்ன?"

"தலை, ராஜா."

"இது?"

"தலை."

"அது?"

"அதுவும் தலைதான்."

"யானை எங்கேய்யா?"

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டினாங்க.

அதுக்குள்ள பாகன் அம்மா யானையைக் குளத்துக்குக் கூட்டிப் போயிட்டான். குட்டி தனியா நின்னு, "ப்பீங்!"னு அழுதுது. உள்ளே ஓடி மரத்தலையை மோந்துது, ம்ஹூம். மண்தலையை மோந்துது, தும்மிடுச்சு. துணித்தலையைத் தள்ளிச்சு, அது பொத்துனு விழுந்துது. அப்புறம் வாசல்ல அந்த வாலைப் பார்த்துது. தும்பிக்கையால கப்புனு பிடிச்சுது. அழுகை நின்னுடுச்சு.

சீனியம்மா ஒரு அடி வச்சா, குட்டியும் ஒரு அடி. அவ முன்னால, குட்டி பின்னால, அதுக்குப் பின்னால ராஜா, ஊரே பின்னால, குளம் வரைக்கும்.

"யாரும்மா இந்த வால் செஞ்சது?"

"நான்தான், ராஜா. எழுநூத்தி இருபது நார்."

ராஜா மண்டபத்து நடுச்சுவர்ல அந்த வாலை மாட்ட ஆணி அடிக்கச் சொல்லி, கீழே அவ பேரை எழுத வச்சார். ஆனா குட்டி வாலை விட்டாத்தானே? ஆணி சும்மாதான் இருந்துது. ஜனங்க அந்த ஆணியைப் பார்க்க வந்தாங்க.

மூணு தலையும் மூணு மூலையில. "மத்த ரெண்டு தலையாலதான் கெட்டுது"ன்னு மூணு பேரும் சொன்னாங்க. அதுலயும் ஒத்துமை.

குட்டி வாலைப் பிடிச்சபடியே தூங்கிடுச்சு. என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நீயும் தூங்கு. கதை குளத்தங்கரையில நின்னுடுச்சு.