நாலு பூஜ்யம்

“இந்தத் தடவை ஹால் டிக்கெட் வாங்கப் போறதில்ல சார்,” என்றாள் பவுனம்மா.

பத்தாவது கணக்கில் மூன்று முறை கோட்டை விட்டவள். பதினாறு வருஷமாக அங்கன்வாடியில் உதவியாளர். பத்து பாஸானால் அங்கேயே டீச்சர் ஆகலாம். ஆனால் வயசு வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது.

“ஏன்க்கா?”

கேட்டது தாவீது சார். இருபத்தெட்டு வயசு. சைக்கிள் கடை மாடியில் டுடோரியல் நடத்துகிறார்.

“எனக்குன்னு பார்த்துக் கஷ்டமான கேள்வியா வருது. எல்லாம் என் தலையெழுத்து.”

சார் ஒரு ஆட்டப் பலகையை விரித்தார்.

எண்ணும் குறியும் எழுதிய சதுரக் காய்கள் ஒரு பையில் கிடக்கும். பார்க்காமல் ஆளுக்கு எட்டு எடுக்க வேண்டும். பலகையில் இருக்கும் காயோடு சேர்த்துச் சரியான சமன்பாடு வைத்தால் புள்ளி. அவ்வளவுதான் ஆட்டம்.

பாவி மகள், அதிலும் தோற்றாள். ஒரு நாளா, இரண்டு நாளா? ஒன்பது நாள்!

பத்தாம் நாள் காய்களைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அநியாயத்தப் பாருங்க சார்! நாலு பூஜ்யம், ரெண்டு ஒண்ணு, ஒரு கூட்டல், ஒரு சமக்குறி. நாக்கு வழிக்கக்கூட ஆகாது.”

“குடுங்க. என்னோடத நீங்க வெச்சுக்குங்க.”

மாற்றிக்கொண்டார்கள். அவர் காயெல்லாம் எட்டும் ஆறுமாக இருந்தன. பவுனம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

பலகையில் ஒரு ஒன்பது தனியாக நின்றது. சார் அதையொட்டித் தன் எட்டுக் காயையும் வரிசையாக வைத்தார்.

90 + 10 = 100

அந்த ஆட்டமும் அவளுக்கு இல்லை.

மறுநாளும் புலம்பினாள். மறுநாளும் மாற்றினார். மறுநாளும் தோற்றாள்.

“மாத்தினாலும் தோக்குறேன், மாத்தாட்டியும் தோக்குறேன். நீங்க ஏதோ மாயம் பண்றீங்க சார்.”

“டீ சாப்பிடுறீங்களாக்கா?”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு எரிச்சல். அந்த நாலு பூஜ்யமும் முதலில் தன் கையில்தான் இருந்தன என்பது தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

பன்னிரண்டாம் நாள். எட்டில் ஐந்து வெறும் குறி. மிச்சம் நாலு, ரெண்டு, பூஜ்யம்.

அவள் முகம் சுருங்குவதைப் பார்த்து சார் கையை நீட்டினார்.

பவுனம்மா காய்களை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

“வேணாம். இது என்னோடது.”

“நல்லா இல்லையேக்கா.”

“இல்லாட்டிப் போகுது. கையை எடுங்க சார்.”

கீழே கடையில் ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டு, காற்றும் அடித்து அனுப்பிவிட்டார்கள். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் ஓர் எட்டு இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக வைத்தாள்.

8 ÷ 4 − 2 = 0

“எட்ட நாலால வகுத்தா ரெண்டு. ரெண்டுல ரெண்டு போனா பூஜ்யம்.” கடைசிக் காயை நேராக்கினாள். “சரியா சார்?”

சார் பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

“வெச்சதுக்குப் பதிலா ஆறு காய் எடுங்க.”

எடுத்தாள். அடுக்கினாள். என்ன வந்திருக்கிறது என்று சொல்லவில்லை. தலை நிமிராமலே சொன்னாள்:

“நாளைக்கு ஆட்டம் கிடையாது சார். ஹால் டிக்கெட் வாங்கப் போகணும்.”