செண்பகராஜ் வரைந்த ஒரு சொட்டு

செண்பகராஜ் கம்ப்யூட்டரில் தண்ணீர் வரைந்தால், மவுஸைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொட வேண்டும். இதை நான் சொல்லவில்லை, அவன் சொல்கிறான். எங்கள் பேரூராட்சியில் பிளக்ஸ் அடிக்க அவன் கடை ஒன்றுதான் இருக்கிறது. அதனால் பேனர் வேண்டுமென்றால் அவன் புளுகையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

எங்களுக்கு அன்றைக்கு பேனர் வேண்டியிருந்தது. எங்கள் மூன்றாம் தெருக் குழாயில் தண்ணீர் வந்து பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. மனு கொடுத்தோம், மனுவுக்கு நினைவூட்டல் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. பதினொரு மணிக்குக் காலிக் குடங்களோடு மெயின் ரோட்டில் மறியல் என்று முடிவு செய்ததும், பேரூராட்சி அதிகாரியே நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். தெருவுக்குத் தலைமை பேச்சியக்கா. அவர் இட்லிக் கடை வைத்திருப்பவர். தண்ணீர் இல்லாமல் பத்தொன்பது நாளாகக் கடையைத் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. துணைக்கு நானும் போனேன்.

பேச்சியக்கா சுருக்கமாகச் சொன்னார். காய்ந்த குழாய், அதன் கீழே காலிக் குடம், மேலே ‘குடிநீர் எங்கே?’ என்று எழுத்து. படத்தில் தண்ணீரே இருக்கக் கூடாது.

செண்பகராஜ் முகம் வாடிவிட்டது.

“யக்கா, எங்கிட்ட வந்து தண்ணி இல்லாத படம் கேக்கியளே. நான் தண்ணிக்குன்னே பொறந்தவன்லா?”

அப்புறம் ஆரம்பித்தான். மணி அப்போது எட்டே முக்கால்.

“போன வருஷம் ஒரு சோடாக் கம்பெனிக்கு லேபிள் போட்டேன். பாட்டில் மேல குளுகுளுன்னு துளி நிக்கணும்னாரு. எல்லாவனும் வட்டம் போட்டு வெள்ளப் புள்ளி வைப்பான். அது துளி இல்ல, கொப்புளம். வெளிச்சம் மேல இடது பக்கம் விழுந்தா, துளிக்குள்ள பிரகாசம் கீழ வலது பக்கம் இருக்கணும். பின்னால இருக்க எழுத்து துளிக்குள்ள தலகீழாத் தெரியணும். அப்படி முந்நூத்திப் பதினாறு துளி, ஒவ்வொண்ணும் தனி லேயர். அச்சாபீஸ்ல இருந்து போன் வருது, லேபிள் ஒட்ட மாட்டேங்கு, எல்லாம் நனைஞ்சு கெடக்குன்னு. துளிய நாப்பது பர்சென்ட் மங்கலாக்கி, வெயில்ல காய வச்ச பொறவுதான் ஒட்டுச்சு.”

அது அச்சு மை காயாததாக இருக்கும் என்றேன்.

“மையைக் குடிச்சா ஏப்பம் வருமா அண்ணாச்சி? அச்சாபீஸ்ல நாலு பேருக்கு வந்துச்சு.”

கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் கேனையர்களாக அகப்பட்டுக்கொண்டோம். பேச்சியக்கா குழாயைப் போடச் சொன்னார். அவனும் ஒரு குழாயின் போட்டோவைத் திரையில் திறந்தான். திறந்துவிட்டு, கல்யாண ஆல்பத்துக்குப் போய்விட்டான்.

மாப்பிள்ளையும் பெண்ணும் மழையில் நிற்பதுபோல ஒரு பக்கம் கேட்டார்களாம். சித்திரை மாதக் கல்யாணம், மேகமே கிடையாது. இவன் சும்மா ஒரு சாரல் போட்டுக் கொடுத்தான். ஆல்பத்தைத் திறந்த மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதோடு நின்றதா? மழை அடுத்த பக்கத்துக்கு ஊறி, பெண்ணின் மேக்கப் கரைந்து, பந்திப் பக்கத்தில் ரசம் நீர்த்துப்போய்விட்டதாம். ரிசப்ஷன் போட்டோவில் மாப்பிள்ளை தும்மிக்கொண்டு நிற்கிறார், வேண்டுமென்றால் போய்ப் பாருங்கள் என்றான். எந்த ஊர் மாப்பிள்ளை என்று கேட்டேன். துபாய் போயிட்டாரு, ஈரம் ஒத்துக்கிடல என்றான்.

மணி ஒன்பதரை. குழாய் அப்படியே இருந்தது.

“பொறவு ஒரு லாட்ஜுக்கு அருவி போட்டேன். இருபதுக்குப் பத்து பேனர். மறுநா போய்ப் பாத்தா வாசல்ல அறுபது பேரு எண்ணெய் தேச்சுக்கிட்டுத் துண்டோட நிக்கான். ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனின்னு பிரிக்காம விட்டது என் தப்பு. அத நான் ஒத்துக்கிடுதேன். நடுவுல ஒரு கம்பி போட்டு மறுபடி அடிச்சுக் குடுத்தேன்.”

குளித்தார்களா என்று பேச்சியக்கா கேட்டார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“ரெண்டு நாள் குளிச்சாங்கக்கா. மூணாம் நா வெள்ளம் வந்து போலீஸ் தடை போட்டுட்டு.”

இதற்கு மேலும் ஏதாவது இருக்க முடியுமா என்று நான் நினைத்தேன். இருந்தது. கிணறுகூட இல்லாத செம்மண் காட்டை ஒருவர் பிளாட் போட்டு விற்றாராம். நோட்டீசுக்கு அழகாக இருக்கட்டும் என்று இவன் ஒரு ஏரியை ஊற்றினான். கரையை லேசாக மங்கலாக்கி, மேகத்தைக் கவிழ்த்துப் போட்டு, காற்றில் நெளிகிற மாதிரி அலை கொடுத்தான். ஒரு வாரத்தில் வெளிநாட்டு நாரை வந்து இறங்கிவிட்டது. அடுத்த வாரம் அதிகாரிகள் வந்து, இது நீர்நிலை, இங்கே பிளாட் விற்கத் தடை என்று போர்டு நட்டுவிட்டார்கள். பிளாட்காரர் வந்து அழுததால் இவன் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படியாகப் பின்னால் போய் நாற்பத்தோரு தடவை அழித்தானாம். ஏரி போக இடமில்லாமல் கடைக்குள் வந்து முழங்கால் அளவு நின்றதாம்.

“இன்னா பாருங்க, அந்த ஈரம்” என்று சுவரைக் காட்டினான். சுவரில் ஈரம் இருக்கத்தான் செய்தது. அதற்கு நேர் மேலே ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது, கீழே ஒரு வாளியும் இருந்தது. நான் வாளியைப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

மணி பத்து ஆனதும் பேச்சியக்கா எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்து நின்றால் எங்கள் தெருவில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. செண்பகராஜும் பயந்துபோய் மளமளவென்று வேலையைப் பார்த்தான். குழாய் வந்தது, குடம் வந்தது, எழுத்து வந்தது. எல்லாம் முடிந்த பிறகு கெஞ்ச ஆரம்பித்தான். ஒரே ஒரு சொட்டு, குழாய் நுனியில், விழட்டுமா வேண்டாமா என்று தொங்குகிற மாதிரி. குழாயே அழுவதுபோல இருக்கும், பார்க்கிற அதிகாரி மனது இளகிவிடும் என்றான். பேச்சியக்கா யோசித்தார். அவருக்கும் அந்தப் பத்தொன்பது நாள் மனதில் இருந்திருக்கும்.

“ஒண்ணுதான். ரெண்டாவது சொட்டு விழுந்துச்சுன்னா பேனரே வேண்டாம்.”

அந்த ஒரு சொட்டுக்கு அவன் நாற்பது நிமிடம் எடுத்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருந்தது. அதற்குள்ளே எங்கள் தெரு தலைகீழாகத் தெரிந்தது.

பதினொரு மணிக்கு மறியலில் உட்கார்ந்தோம். இருபத்து மூன்று குடம், எதிரே பேனர். அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். குடங்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பேனருக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“குழாயில தண்ணி வருதேம்மா” என்றார்.

“அது படம் சார்” என்றார் பேச்சியக்கா.

“படம் எடுக்கும்போது வந்திருக்குல்ல? வராத குழாய் எப்படிச் சொட்டும்?”

அது போட்டோ இல்லை, செண்பகராஜ் வரைந்தது என்று நான் விளக்கிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. விரலை நீட்டி அந்தச் சொட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் மனு ‘தண்ணீர் வரவில்லை’ என்பது. வருகிறது என்று நேரில் பார்த்துவிட்டதால் அதை முடித்து வைக்கிறாராம். வேகம் குறைவு என்றால் அதற்கு வேறு மனு, வேறு பிரிவு, முப்பது நாள். சொட்டைச் செல்போனில் இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். மறியல் பத்து நிமிடத்தில் முடிந்தது.

எனக்கு வந்த கோபத்துக்குச் செண்பகராஜைக் கடையோடு தூக்கி எறிந்திருப்பேன். எல்லோரும் திமுதிமுவென்று அவன் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். அவன் வருத்தப்படுவான் என்று பார்த்தால் முகமெல்லாம் பூரிப்பு. “துடைச்சாரா அண்ணாச்சி? கைக்குட்டைய எடுத்துத் துடைச்சாரா?” என்று என்னிடமே மூன்று தடவை கேட்டான். சாகிற வரைக்கும் இதைச் சொல்லித் திரிவான் என்று தெரிந்துபோனது. இதில் கொடுமை, இது ஒன்று மட்டும் உண்மை.

பேச்சியக்கா அவனைத் திட்டவில்லை. பேனரைக் கொண்டுவரச் சொல்லி, அவன் கடைச் சுவரிலேயே ஆணியடித்து மாட்டினார். குடங்களை ஒவ்வொன்றாக உள்ளே வாங்கி அதன் கீழே வரிசையாக வைத்தார். வரிசை வாசல் வரைக்கும் வந்து, உள்ளே யாரும் நுழைய முடியாதபடி அடைத்துக்கொண்டது. அப்புறம் செண்பகராஜின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எல்லாக் குடமும் நெறையட்டும் தம்பி. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.”