மூன்றாம் முறை அழைக்கப்பட்ட அப்பா

இந்தக் கதையில் மூன்று பேர் நல்லது செய்ய நினைத்தார்கள். புதிர் கடினமாவது அதனால்தான்.

தேனிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளி. தலைமையாசிரியர் இருதயராஜின் விதி இது: சக மாணவன்மேல் கை நீட்டியவன் அப்பாவை அழைத்து வந்தால்தான் மறுபடி வகுப்புக்குள் போகலாம். பத்தாம் வகுப்பு லிங்கேஸ்வரனின் அப்பா சௌந்தரபாண்டி அந்த ஆண்டு இருமுறை வந்துவிட்டார். "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிங்க சார், நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்பார். இருதயராஜும் சிரித்து வைப்பார். இருமுறையும் பையன் இரண்டு நாள் வரவில்லை. பிறகு முழுக்கைச் சட்டையில் வந்தான். வந்த வாரமே மறுபடி யாரையாவது அடித்தான்.

மூன்றாவதாக அடிபட்டவன் வகுப்புத் தலைவன் தினகரன். கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்பதன் கீழ் லிங்கேஸ்வரன் பெயரை எழுதினான். பெயருக்குப் பக்கத்தில் இரண்டாம் பெருக்கல் குறி விழுந்ததும் காம்பஸ் பெட்டி பறந்தது. தினகரன் புருவத்தில் நான்கு தையல்.

வகுப்பாசிரியை பூங்கோதை தனியே விசாரித்தார். "அப்பாவக் கூப்பிட மாட்டோம்னு சொல்லுங்க மிஸ், நடந்தத அப்படியே சொல்றேன்" என்றான் லிங்கேஸ்வரன். சரி என்றார். அவனும் ஒப்புக்கொண்டான்.

"வாக்குக் கொடுத்துட்டேன் சார்" என்று பூங்கோதை தலைமையாசிரியரிடம் சொன்னார்.

"யாரக் கேட்டுக் கொடுத்தீங்க டீச்சர்? தையல் போட்டிருக்கறது தினகரனுக்கு" என்று இருதயராஜ் போனை எடுத்தார்.

தலைமையாசிரியர் அறையில் இரண்டு பையன்களும் நிற்க, சௌந்தரபாண்டி வந்தார். வணக்கம் சொன்ன கையோடு பெல்ட்டை உருவினார். லிங்கேஸ்வரன் நகரவில்லை, பழக்கப்பட்டவன்போல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். பூங்கோதை குறுக்கே போனார்.

"தள்ளுங்க டீச்சர். எம் பிள்ளை."

அப்போது கட்டோடு நின்ற தினகரன் வாய் திறந்தான். "அவன் அடிக்கல சார். நானே டெஸ்க்ல இடிச்சுக்கிட்டேன்."

"பாத்துச் சொல்லு தினகரா" என்றார் இருதயராஜ்.

"பாத்துதான் சார் சொல்றேன்."

பெல்ட் அந்தரத்தில் நின்றது. எல்லோர் கண்ணும் இருதயராஜ்மேல். பொய் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொன்னால் பெல்ட் இறங்கும். சொல்லாவிட்டால் புருவம் கிழிந்தவனுக்கு நியாயம் இல்லை.

வாக்குக் கொடுத்த பூங்கோதை, விதியைக் காத்த இருதயராஜ், பொய் சொன்ன தினகரன். இவர்களில் யார் செய்தது சரி? இருதயராஜ் இப்போது என்ன சொல்ல வேண்டும்?

விடை: தினகரன் செய்ததே சரி. பூங்கோதையின் வாக்கில் இரக்கம் இருந்தது, ஆனால் அடிபட்டவனைக் கேட்காமல் கொடுத்த வாக்கு அது. இருதயராஜின் விதி நீதிபோலத் தெரிந்தது. ஒவ்வோர் அழைப்புக்குப் பிறகும் இன்னொரு பிள்ளை அடிபட்டதை அவர் பார்க்கவில்லை. வீட்டில் விழுந்த அடி பள்ளிக்கு வந்தது, பள்ளி அதை வீட்டுக்கே திருப்பி அனுப்பியது. தினகரன் ஒருவன்தான் அதைத் தன்னோடு நிறுத்தப் பார்த்தான். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை பொய் சொல்லித் தடுத்ததைப் பெரியவர் உண்மை சொல்லித் தடுக்க வேண்டும். எனவே அவர் சொல்ல வேண்டியது: "உங்க பையன் அடிச்சது நெசம். அதுக்கு என்ன செய்யணும்னு தினகரனையும் வெச்சுப் பேசி நாங்க முடிவு பண்றோம். வீட்ல அவன்மேல கை வெச்சீங்கன்னா, அடுத்த போன் உங்களுக்கு வராது. போலீசுக்குப் போகும்."