எத்திராசு பிடித்த பச்சைக் கொடி

"நாளைக்குக் கருடன் வராது, சாமி" என்றான் எத்திராசு.

குப்பாண்டிச் சாமி துளசி ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உனக்குச் சொல்லி அனுப்பிச்சுதா?"

எத்திராசு சிரிக்கவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டு போனான். பெருமாள் கோயில் திருப்பத்தில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்பு மதிலில் உரசியது. மதில் மூலையில் கைகூப்பி உட்கார்ந்திருந்த கருடன் சிலையின் மூக்கு உடைந்து விழுந்தது.

அன்று முதல் ஊரில் அவன் பெயர் மூக்குடைச்சான்.

டிராக்டரை விட்டான். சாமியிடம் வந்து சேர்ந்தான். சாமி மந்திரம் ஒன்றும் சொல்லித்தரவில்லை. கோபுரத் திருப்பணிக்கு மணல் சுமக்கச் சொன்னார். சுமந்தான். கருடனுக்குப் புது மூக்கு வைத்தார்கள். பழையதைவிடக் கொஞ்சம் நீளம்.

நாளைக்குக் கும்பாபிஷேகம். கருடன் வந்து கோபுரத்தைச் சுற்றிய பிறகுதான் கலசத்தில் தண்ணீர் ஊற்றுவது அந்த ஊர் வழக்கம்.

"அது வந்தா பெருமாள் என்னை மன்னிச்சுட்டார்னு அர்த்தம். வரலைன்னா நான் ஊரை விட்டே போயிடறேன், சாமி."

சாமி ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"காலையில குளிச்சுட்டு வா."

காலையில் ஊரே கோயிலில் இருந்தது. கோபுரத்தின் மேலும் விமானத்தின் மேலும் பட்டர்கள் குடத்தோடு நின்றார்கள். பச்சைக் கொடி அசைந்ததும் எல்லாரும் ஒன்றாக ஊற்ற வேண்டும். கொடி அசைக்கும் மரியாதையை ஊரார் சாமிக்குக் கொடுத்திருந்தார்கள்.

மண்டபத்து மாடியில் ஏறியதும் சாமி கொடியை எத்திராசின் கையில் கொடுத்துவிட்டார்.

கீழே முணுமுணுப்பு எழுந்தது.

முகூர்த்தம் பத்தேகால் மணியோடு முடிகிறது. பத்தானது. ஒரு காக்கை வந்தது. ஒரு கொக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

டீக்கடை வரதன் கீழேயிருந்து குரல் கொடுத்தான். "அவன் கொடி பிடிச்சா எப்படிடா வரும்? மூக்கு போயிடும்னு அதுக்குப் பயம் இருக்காதா?"

கூட்டம் சிரித்தது. பத்தேகாலுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

எத்திராசு கொடியை நீட்டினான். தன் கையில் இருக்கிறவரைக்கும் கருடன் வராது, நீங்களே பிடியுங்கள் என்று கெஞ்சினான்.

சாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்குது. கீழே யார் யார் வந்திருக்காங்க, சொல்லு."

அவனுக்கு அழுகை வந்தது. ஆனாலும் எட்டிப் பார்த்துச் சொன்னான். வரதன், தன் தாயாரைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறான். கிழவி வாயைத் திறந்தபடி இருக்கிறாள். நிறைமாதக்காரி ஒருத்தி தாம்பாளத்தைத் தலைக்குமேல் பிடித்திருக்கிறாள். வெளியூர்க்காரர்கள் மதில்மேல் நிற்கிறார்கள். ஒருவன் கருடனின் புது மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"எல்லாரும் வானத்தைத்தானே பார்க்கறாங்க?"

எத்திராசு மறுபடி பார்த்தான்.

"இல்லை, சாமி."

"பின்னே?"

"என் கையை."



எத்திராசு கொடியை அசைத்தான்.

குடங்கள் கவிழ்ந்தன. "கோவிந்தா" என்ற சத்தத்தில் மண்டபம் அதிர்ந்தது. விசிறியடித்த தண்ணீர் வெயிலில் பறந்து கூட்டத்தின்மேல் விழுந்தது. கிழவியின் வாய்க்குள்ளும் நாலு சொட்டு விழுந்திருக்க வேண்டும். அவள் மகனின் தலையில் தாளம் போட்டாள். தண்ணீர் எட்டாதவர்கள் கூப்பிட்டார்கள். எத்திராசு படியில் தடதடவென்று இறங்கினான். கோமுகத்தில் வழிந்த தண்ணீரில் துண்டை நனைத்து எடுத்துப் போய், கேட்டவர் தலையில் எல்லாம் பிழிந்தான். வரதனும் குனிந்தான். அவன் தலையிலும் பிழிந்தான்.

சாமி மெல்ல இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

"கருடன் வந்துச்சா, எத்திராசு?"

அவன் துண்டை நனைக்க ஓடிக்கொண்டே திரும்பினான். முகமெல்லாம் தண்ணீர்.

"அடடா, பார்க்கலையே சாமி!"