வாழையக்கா நீட்டிய செம்பு

ஃபிரிட்ஜில் வைத்த வாழைப்பழம் ரெண்டே நாளில் கரிச்சட்டி மாதிரி கறுத்துப்போகிறது. அதே ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் கிடக்கும் கேரட்டு மட்டும் புதுப்பெண் மாதிரி மினுங்குகிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா? ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவரைக் கூப்பிட வேண்டாம். தப்பு ஃபிரிட்ஜில் இல்லை, ஒரு செம்புத் தண்ணீரில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் செடி கொடியெல்லாம் வாய் ஓயாமல் பேசும். வாழையும் கேரட்டும் ஒரே மலையுச்சியில் பக்கத்துப் பக்கத்து வீடு. கேரட்டு கப்பலில் வந்த சரக்காயிற்றே, அந்தக் காலத்தில் அதற்கு இங்கே என்ன வேலை என்று குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. செடி பேசியதை நம்பினவர்கள் இதையும் நம்பித்தான் ஆகவேண்டும்.

வாழையக்காவுக்குத் தாராளக் கை. வாசலில் யார் நிழல் விழுந்தாலும் சரி, அவர்கள் வாயைத் திறக்கும் முன்னால் ஒரு செம்புத் தண்ணீர் நீளும். "என் வீட்டுக்கு வந்தவங்க தொண்டை காஞ்சு திரும்பினதே இல்லை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாள். உடம்பு முழுக்கத் தண்ணீர், அவளுக்கு என்ன குறை? அந்த வருஷம் தார் வேறு தள்ளியிருந்தாள். சீப்புச் சீப்பாகப் பிள்ளைகள். அத்தனையும் நல்லபடியாகப் பழுத்துக் கரையேற வேண்டும், அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

கேரட்டு நேர் எதிர். நாலு இலையை மட்டும் வெளியே காட்டிவிட்டு, சமைத்ததையெல்லாம் மண்ணுக்குள் பதுக்குகிறவள். யாராவது கடித்துப் பார்த்தால் சப்பென்று இருப்பாள். "கஞ்சப் பிசினாறி" என்பது வாழையக்கா அவளுக்கு வைத்த பட்டம்.

ஐப்பசியில் ஒருநாள் வாடைக்காற்று மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்காமாரே! எங்க பெரியக்கா பனியம்மா மார்கழியில இந்த மலைக்கு வர்றா. முதல் தடவை. ரொம்பத் தாகக்காரி. தாகம் தணிஞ்சாத்தான் கிளம்புவா. தணியலைன்னா அந்த வீட்டிலேயே படுத்துடுவா. அவ படுத்த வீட்டுல பிஞ்சு குஞ்சு தாங்காது."

"தண்ணிதானே? அண்டா அண்டாவா இருக்கு" என்றாள் வாழை.

"அதுதான் ஆகாது! அவ கை பட்டா வெறும் தண்ணி கல்லாயிடும். இனிப்புக் கரைச்ச தண்ணின்னா சீக்கிரம் உறையாது. நான் தினமும் வந்து கொஞ்சம் கொஞ்சமா ஊதறேன். நடுங்கிப் பழகிக்குங்க. நடுங்க நடுங்க, சேர்த்து வச்சதையெல்லாம் இனிப்பாக்கித் தண்ணியில கரைச்சுக்குங்க."

வாழையக்காவுக்கு வந்ததே கோபம். "போடா ஒல்லிக்குச்சி! வந்தவங்களுக்கு முதல்ல தண்ணி குடுக்கறதுதான் முறை. பானகத்தைத் திருவிழாவுல ஊத்திக்கலாம். பிள்ளை பெத்த வீட்டுல வந்து ஊதாதே, சளி பிடிக்கும்!" இலையை இழுத்துப் பிள்ளைகளைப் போர்த்திக்கொண்டாள்.

கேரட்டு மட்டும், "நீ ஊது தம்பி, நடுங்கறதுக்குச் செலவா ஆகப்போகுது?" என்றாள்.

அவன் ஊதினான். அவள் நடுங்கினாள். தலையில் இருந்த இலையெல்லாம் சாமியாடியது. அதைப் பார்த்து வாழையக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். ஆனால் நடுங்க நடுங்கக் கேரட்டின் உடம்பில் இனிப்பு ஊறிக்கொண்டே வந்தது. கார்த்திகை முடிவதற்குள் ஒரு குடம் பானகம் தேறிவிட்டது.

"அக்கா, பிள்ளைக்காரி நீங்க. இதுல பாதி வாங்கிக்குங்க" என்றாள் கேரட்டு. கஞ்சப் பிசினாறி வாயிலிருந்து வந்த வார்த்தைதான்.

"உன் மிச்சம் மீதி எனக்கு எதுக்குடி? என் வீட்டுல தண்ணிக்கா பஞ்சம்?"

மார்கழி பிறந்தது. விடியும் நேரத்தில், வெள்ளைச் சேலை சரசரக்கப் பனியம்மா வந்தாள். உயரமாகத் தெரிந்த வீடு வாழை வீடு. அங்கேதான் முதலில் போனாள்.

"வாங்க, வாங்க!" செம்பு நீண்டது.

பனியம்மா ஆசையாக வாங்கினாள். செம்புக்குள் படக்கென்று ஒரு சத்தம். கவிழ்த்தால் சொட்டு விழவில்லை. தட்டினாள். கட்டி ஒன்று அவள் கால் விரலிலேயே விழுந்தது.

"ஏம்மா, விருந்தாளிக்குக் கல்லையா குடுப்பே?"

"ஐயையோ, இருங்க, இதோ!" அடுத்த செம்பு கல். அதற்கடுத்தது, அதுவும் கல். அண்டா அத்தனையும் காலி. வாழையக்கா விடுவாளா? இலையிலிருந்து பிழிந்தாள், தண்டிலிருந்து பிழிந்தாள். பிழிந்ததெல்லாம் ஊசி ஊசியாக நின்றது. இலை கிழிந்து தொங்கியது. அப்போதும் செம்பை நீட்டுகிற கை மட்டும் நிற்கவில்லை.

பனியம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டாள். "குடிக்காமப் போகமாட்டேன். இன்னிக்கு இங்கேதான் படுக்கை." சொல்லிவிட்டு, தாருக்கு நேர் கீழே பாயை விரித்தாள்.

"அம்மா, குளிருது" என்றது கடைசிச் சீப்பு. அடுத்த சீப்பும் சொன்னது. மஞ்சள் ஏறத் தொடங்கிய தோலில் கறுப்புப் புள்ளி விழுந்தது. புள்ளி திட்டாயிற்று. வாழையக்கா கையிலிருந்த செம்பு நழுவி உருண்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பக்கத்து வீட்டைப் பார்த்து உதவிக்குக் குரல் கொடுத்தாள்.

"அடியே கேரட்டு! அந்தப் பானகம்..."

முடிப்பதற்குள், "பனியம்மா, இப்படி வாங்க!" என்று மண்ணுக்குள்ளிருந்து குடத்தை நீட்டிவிட்டாள் கேரட்டு.

பனியம்மா தொட்டாள். உறையவில்லை. மறுபடி தொட்டுப் பார்த்தாள். உறையவில்லை! அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டாள். "ஆத்தாடி! இப்படித் தொண்டை நனைஞ்சு எத்தனை நாளாச்சு" என்று ஏப்பம் விட்டாள். பாயைச் சுருட்டினாள்.

போகிற போக்கில் தாரைத் திரும்பிப் பார்த்தவளுக்கும் மனசு கேட்கவில்லை. "கோபிச்சுக்காதேம்மா. என் கை வாகு அப்படி. தோல் கறுத்துப்போச்சு, உள்ளே இனிப்பு பத்திரமாத்தான் இருக்கு. நான் வருஷா வருஷம் வருவேன், நீ கீழே வெயில்ல போய்ப் பொழைச்சுக்கோ. கேரட்டு, நீ இங்கேயே இருடி. குடத்தைத் தயாரா வச்சுக்கோ."

வாழையக்கா அன்றே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினாள். அவள் கூடவே இறங்கி, கால் வலித்துப் பாதி வழியில் உட்கார்ந்துவிட்ட சொந்தக்காரர்கள்தான் மலைவாழை.

அன்று முதல்தான் குளிர் ஏற ஏற மலைக் கேரட்டுக்கு இனிப்பும் ஏறுகிறது. வாழைப்பழத்துக்கோ குளிர் பட்டால் தோல் கறுக்கிறது, உரித்தால் உள்ளே இனிப்பு அப்படியே இருக்கிறது. தெரியாமல் ரெண்டையும் ஒரே ஃபிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு ஒரு குரல் போகும்:

"தங்கச்சி, அந்தப் பானகத்துல மிச்சம் மீதி இருந்தா பிள்ளைங்களுக்கு ஒரு வாய் குடேன்."