இறக்கையைவிட்டு இறங்காத நீலம்

கதையைக் கேட்டுவிட்டுக் கடைசியில் பதில் சொல்லாமல் நழுவுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

மணலோடை என்ற ஊரில் சாயக்காரர் தெருக்கள் இரண்டு, தெருவுக்கு முப்பது குடும்பம், ஆற்றுத்துறை ஒன்று. தோய்த்த துணியை ஓடும் நீரில் அலசாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாக நிற்கும். ஆகவே மேலத்தெருவும் கீழத்தெருவும் துறைக்காக நாள் தவறாமல் அடித்துக்கொண்டன. வழக்குக் கேட்டுச் சலித்த அரசன், தோட்டத்தில் பறந்த நீலப் பட்டாம்பூச்சியைக் காட்டினான்.

"இதன் இறக்கையிலிருந்து நீலத்தை எடுத்துத் துணியில் ஏற்றும் தெருவுக்கே துறை. மற்றத் தெரு ஊரைவிட்டுப் போகட்டும். தவணை நாற்பது நாள்."

மேலத்தெருவின் முப்பது குடும்பங்களுக்காகவும் அத்தெருச் சாயக்காரி செங்கமலம் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள். பூவோ, வேரோ, பட்டையோ, நிறம் என்று ஒன்று இருந்தால் அதைக் கொதிநீரில் இறக்கிவிடலாம் என்பது சாயக்காரர் நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவளை மாட்டிவிட்டது.

காட்டில் செத்து உதிர்ந்த பூச்சிகளின் இறக்கைகளைப் பொறுக்கி வந்து அரைத்தாள். பழுப்புத் தூள் வந்தது. கொதிக்க வைத்தாள், புளிக்க வைத்தாள், அப்போதும் பழுப்புதான். இருப்புக் கொள்ளாமல் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தாள். முப்பத்தெட்டாம் நாள் அவள் புருஷன் வேலப்பன் பொறுமை இழந்தான்.

"துணிய நம்ம அவுரி நீலத் தொட்டியில ஒரு முக்கு முக்கிக் குடுத்துரு. யாரு கண்டா?"

"பொய்ச் சாயம் ஏத்திட்டு அப்புறம் எந்தக் கையால சோறு திங்கிறது?"

அவன் கோபத்தில் வைத்த சாராயக் குவளை கவிழ்ந்து ஓர் இறக்கை நனைந்தது. நீலம் அந்த நொடியே மறைந்து பழுப்பாயிற்று. "போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் சாராயம் காய்ந்தது. நீலம் முன்பிருந்தபடியே வந்து நின்றது. அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது. இத்தனை வருஷத்தில் எந்தச் சாயமும் அவளிடம் இப்படிக் கண்ணாமூச்சி ஆடியதில்லை.

நாற்பதாம் நாள் கீழத்தெரு மல்லப்பன் பளபளக்கும் நீலப் பட்டுத் துணியை விரித்தான். "ஆயிரம் இறக்கைய அவிச்சு எடுத்ததுங்க மகாராஜா."

செங்கமலம் பழுப்புத் துணியை வைத்தாள். சபை சிரித்தது. "இறக்கையில இருந்தது இவ்வளவுதான் சாமி. நான் எதையும் ஒளிக்கல. கொஞ்சம் சாராயம் வரவழைங்க, காட்டுறேன்."

சபையில் சாராயமா என்று மந்திரி முகம் சுளித்தார். ஆனாலும் வந்தது. பட்டின் மேல் ஒரு சொட்டு, புது இறக்கையின் மேல் ஒரு சொட்டு. பட்டு நீலமாகவே இருந்தது. இறக்கை பழுப்பாகி, காய்ந்து, மறுபடி நீலமானது.

அரசன் விழித்தான். ஒருவன் நீலம் கொண்டுவந்தான், அது இறக்கையில் இருந்ததல்ல. ஒருத்தி இறக்கையில் இருந்ததைக் கொண்டுவந்தாள், அது நீலமல்ல. வெளியே இரண்டு தெருச் சனமும் மூட்டை முடிச்சோடு நின்றது.

துறை யாருக்கு? நனைந்தபோது நீலம் எங்கே போனது? சொல்லுங்கள்.

விடை: நீலம் எங்கும் போகவில்லை, இறக்கையில் நீலச் சாயமே கிடையாது. அதன் மேல் ஓடு வேய்ந்ததுபோல் நுண்ணிய செதில்கள் அடுக்கியிருக்கின்றன. அவற்றின் வரிகளும் இடைவெளிகளும் வெளிச்சத்தில் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகின்றன. இடைவெளியைச் சாராயம் நிரப்பினால் அது நடக்காது, காய்ந்தால் நடக்கும், அரைத்தால் ஒருபோதும் நடக்காது. இல்லாததைக் கேட்ட பந்தயம் செல்லாது. ஆகவே துறை இரண்டு தெருவுக்கும் பொது. பொய் சொன்னதற்குத் தண்டனை மல்லப்பனுக்கு மட்டும், அவன் தெருவுக்கு அல்ல. தனக்கே தெரியாத ஒன்றுக்காக அறுபது குடும்பங்களின் பிழைப்பைப் பணயம் வைத்த அரசனுக்கு என்ன தண்டனை? அதைக் கேட்க அந்தச் சபையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.